கரைசலா, கூழ்மமா, தொங்கலா? கலவைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வாரத்தில் மூன்று மாலை ஆறேழு பிள்ளைகள் உட்காருவார்கள். எல்லாம் ஒன்பதாம் வகுப்பு, சி.பி.எஸ்.இ. பாடத்தில் அவர்கள் படிப்பது சொல்யூஷன், கொலாய்டு, சஸ்பென்ஷன். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்த பெற்றோருக்கு, கரைசல், கூழ்மம், தொங்கல் என்றால்தான் பள்ளிக்கூட ஞாபகம் வரும். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் வரும் சந்தேகங்களில் பாதி இந்த ஒரே பாடத்தில்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன்.

கலவைக்கும் சேர்மத்துக்கும் என்ன வித்தியாசம்?

இரும்புத்தூளையும் கந்தகப்பொடியையும் ஒரு காகிதத்தில் கொட்டிக் கிளறினால் அது கலவை. எந்த அளவில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதையே சூடாக்கினால் இரும்பு சல்பைடு என்ற கறுப்புப் பொருள் கிடைக்கும். அதில் இரும்பும் கந்தகமும் எடையில் 7-க்கு 4 என்ற கணக்கில்தான் இருக்கும், நாம் ஆசைப்பட்டபடி கூட்டிக் குறைக்க முடியாது. காந்தமும் அதிலிருந்து இரும்பைப் பிரிக்காது. இது சேர்மம். கலவையில் சேர்ந்தவை தங்கள் குணத்தோடு இருக்கின்றன, சேர்மத்தில் குணமே மாறிவிடுகிறது. இந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

ஒருபடித்தானது (ஹோமோஜீனியஸ்), பலபடித்தானது (ஹெட்டரோஜீனியஸ்) என்பதை எப்படிப் புரிய வைப்பது?

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று சொல்கிறோமே, ஒருபடித்தான கலவைக்கு அதைவிட நல்ல சோதனை கிடையாது. சர்க்கரைத் தண்ணீரை நன்றாகக் கலக்கிவிட்டு மேலிருந்து ஒரு ஸ்பூன், அடியிலிருந்து ஒரு ஸ்பூன் எடுங்கள். இனிப்பு ஒன்றாகவே இருக்கும். ஒரு துளி மொத்தத்துக்கும் சாட்சி சொல்லும்.

பலபடித்தானதற்கு நம் தீபாவளி மிக்சர் டப்பா. ஒரு கைப்பிடியில் ஓமப்பொடி நிறைய வரும், அடுத்த கைப்பிடியில் வேர்க்கடலை. டப்பாவை நாலு முறை குலுக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். கனமான கடலை மேலே ஏறியிருக்கும், நொறுங்கிய தூள் அடியில் போயிருக்கும். குலுக்கும்போது உண்டாகும் இடுக்குகளில் சிறிய துண்டுகள்தான் புகுந்து இறங்க முடியும், பெரியவை மேலே தள்ளப்படுகின்றன. கலக்கக் கலக்கப் பிரிகிற கலவை! சளைக்காமல் மிக்சர் சாப்பிடும் ஒரு பையன்தான் இதைக் கவனித்துச் சொன்னான். நான் அதுவரை கவனித்ததில்லை.

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தால் அது ஒருபடித்தானது என்று எழுதலாமா?

கூடாது. பரீட்சையில் மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான். தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதைவிடச் சின்னதாகப் போகப் போக வெறுங்கண் தோற்றுவிடும். பால் வெள்ளை வெளேரென்று ஒரே சீராகத் தெரிகிறது, ஆனால் நுண்ணோக்கியில் ஒரு சொட்டை வைத்தால் கொழுப்பு உருண்டைகள் மிதப்பது தெரியும். சாட்சி சொல்வதற்கு நம் கண் போதாது.

மூன்று வகையையும் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

துகளின் அளவை வைத்து. உண்மைக் கரைசலில் கரைந்திருப்பது 1 நானோமீட்டருக்கும் கீழே. கூழ்மத்தில் 1-லிருந்து 1000 நானோமீட்டர் வரை. அதற்கும் மேல் போனால் தொங்கல். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

மீதி வித்தியாசமெல்லாம் இந்த அளவிலிருந்து தானாக வருகிறது. மிகச் சிறியது வடிதாளில் நிற்காது, அடியில் தங்காது, ஒளிக்கீற்றைக் காட்டாது. நடுத்தரமானது வடிதாளைத் தாண்டிவிடும், லேசில் அடியில் தங்காது, ஆனால் ஒளியைச் சிதறடிக்கும். பெரியது வடிதாளில் மாட்டும், கொஞ்ச நேரம் விட்டால் அடியில் படியும். அட்டவணையை மனப்பாடம் செய்யாதே, அளவை மட்டும் பிடித்துக்கொள் என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறேன். அட்டவணையில் ஆறு வரி, மூன்று கட்டம் என்று பதினெட்டு விஷயம் இருக்கிறது. அளவு ஒன்றுதான்.

ஒரு புத்தகத்தில் 100 நானோமீட்டர், இன்னொன்றில் 1000 என்று போட்டிருக்கிறதே. எது சரி?

சர்வதேச வேதியியல் அமைப்பின் வரையறை 1 முதல் 1000 நானோமீட்டர் வரை, அதாவது ஒரு மைக்ரான் வரை. பழைய புத்தகங்கள் சிலவற்றில் 100 என்று இருக்கும். கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டது. 999-க்கும் 1001-க்கும் இடையில் இயற்கை எந்தச் சுவரும் கட்டவில்லை. எந்தப் புத்தகத்தில் பரீட்சையோ அதில் இருப்பதை எழுதட்டும்.

டார்ச் அடித்துப் பார்க்கும் சோதனையை வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. கூழ்மத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கீற்று போகும் பாதை கண்ணுக்குத் தெரியும், அதுதான் டிண்டால் விளைவு. மூன்று கண்ணாடி டம்ளர், ஒரு கைபேசி, ஒரு துண்டுக் கறுப்புக் காகிதம் போதும். காகிதத்தில் பென்சில் முனையால் ஒரு ஓட்டை போட்டு டார்ச் மேல் ஒட்டிவிடுங்கள். அப்போதுதான் வெளிச்சம் கீற்றாக வரும், இல்லாவிட்டால் டம்ளர் முழுக்கப் பரவி ஒன்றும் புரியாது. தண்ணீரைப் பிடித்ததும் அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். குழாய்த் தண்ணீரில் பொடிப் பொடியாகக் காற்றுக்குமிழிகள் இருக்கும், அவையும் ஒளியைச் சிதறடித்து ஏமாற்றும்.

முதல் டம்ளரில் சர்க்கரை. இரண்டாவதில் பால், இரண்டே சொட்டு. மூன்றாவதில் கோலமாவு. அறையை இருட்டாக்கிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சர்க்கரைத் தண்ணீரில் கீற்று எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாது. பால் தண்ணீரில் கோடு போட்ட மாதிரி தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் லேசான நீலமாக, டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் கலந்ததாக. வானம் நீலமாகவும் மாலைச் சூரியன் சிவப்பாகவும் தெரிவதும் இதே கணக்குதான். கோலமாவு டம்ளரில் முதலில் கலங்கல், கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளைப் படிவு.

நான் முதல் தடவை இதைச் செய்து காட்டியபோது சர்க்கரைக்குப் பதில் தூள் உப்பைப் போட்டேன். ‘பாருங்கள், உண்மைக் கரைசலில் கீற்று தெரியாது’ என்று சொல்லிக்கொண்டே டார்ச்சை அடித்தால், பளிச்சென்று கீற்று! பிள்ளைகள் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. குற்றம் உப்பின் மேல் இல்லை. கட்டி பிடிக்காமல் கொட்டுவதற்காகத் தூள் உப்பில் ஒரு பொடியைச் சேர்ப்பார்கள். நீரில் கரையாத வகைப் பொடி என்றால் அந்த உப்புத் தண்ணீர் லேசாகக் கலங்கலாகவே இருக்கும். தவறிய அந்தச் சோதனையைத்தான் இப்போது வேண்டுமென்றே செய்து காட்டுகிறேன்.

வீட்டில் டார்ச்சே இல்லையென்றாலும் பரவாயில்லை. சாம்பிராணி போடும் நேரத்தில் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் அந்தக் கீற்று தூண் மாதிரி நிற்கும், பார்த்திருப்பீர்கள்.

அப்படியென்றால் உண்மைக் கரைசல் ஒளியைச் சிதறடிக்கவே சிதறடிக்காதா?

ஒன்பதாம் வகுப்புக்கு ‘ஆம், சிதறடிக்காது’. உண்மையில் மூலக்கூறுகளும் மிக மிக மங்கலாகச் சிதறடிக்கும். தூசி துளியும் இல்லாமல் சுத்தப்படுத்திய திரவங்களில் ஒளியைச் செலுத்தி, அந்த மங்கிய சிதறலை ஆராய்ந்துதான் 1928-இல் கல்கத்தாவில் சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் ராமன் விளைவைக் கண்டார்கள், அதாவது சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருவதை. வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் பிறகு டெல்லிக்கு வந்து தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். அந்த ஆய்வகம் இருக்கும் சாலைக்கே அவர் பெயர்தான். பூசா பக்கம் போகும்போது பெயர்ப்பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பால் எந்த வகை? பாக்கெட்டில் ‘ஹோமோஜெனைஸ்டு’ என்றே போட்டிருக்கிறதே, அப்போது ஒருபடித்தானதுதானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து கேட்கும்.

பாலில் மூன்றுமே இருக்கின்றன. பால் சர்க்கரையான லாக்டோஸ் சுமார் 5 சதவீதம், அது தண்ணீரில் உண்மையாகவே கரைந்திருக்கிறது. கேசின் என்ற புரதம் சில நூறு நானோமீட்டருக்குட்பட்ட உருண்டைகளாக இருக்கிறது, அது கூழ்மம். கொழுப்பு உருண்டைகளில் பல, ஒரு மைக்ரானைத் தாண்டிப் பத்து மைக்ரான் வரை போகும். திரவத்துக்குள் திரவம் துளித்துளியாக நிற்பதைப் பால்மம் என்கிறோம். பெயரே பாலிலிருந்து வந்ததுதான்.

பக்கத்துத் தெருவில் எருமைப் பால் வாங்கிக் காய்ச்சி வைத்தால் மறுநாள் காலை இரண்டு விரல்கடை ஆடை நிற்கும். கொழுப்பு லேசானது, உருண்டையும் பெரியது, அதனால் மேலே மிதந்து வந்துவிடுகிறது. தொழிற்சாலையில் பாலை அதிக அழுத்தத்தில் மிகச் சிறிய இடுக்கு வழியாகப் பீய்ச்சும்போது அந்த உருண்டைகள் உடைந்து பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவுக்கு வந்துவிடுகின்றன. பிறகு மேலே ஏறி வர நாள் கணக்காகும், அதற்குள் பால் தீர்ந்துவிடும். இதைத்தான் பாக்கெட்டில் ‘ஹோமோஜெனைஸ்டு’ என்று போடுகிறார்கள். கொழுப்பு சீராகப் பரவியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேதியியல் கணக்கில் அது இன்னும் பலபடித்தானதுதான். டார்ச் அடித்தால் அதுவே ஒப்புக்கொள்ளும்.

பாக்கெட் நிறத்துக்கும் கலவை வகைக்கும் சம்பந்தமில்லை, அது கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது. ஃபுல் கிரீம் என்றால் குறைந்தது 6 சதவீதம், டோன்டு 3, டபுள் டோன்டு 1.5.

எலுமிச்சம்பழம் பிழிந்தால் பால் திரிவதும் கூழ்மக் கதைதான். கேசின் உருண்டைகள் எல்லாம் எதிர்மின் சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன, அதனால்தான் ஒட்டாமல் இருக்கின்றன. புளிப்பு ஏறினால் அந்தச் சுமை போய்விடும், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே பனீர், கீழே பச்சை சாயல் கொண்ட தண்ணீர். இங்கே பனீர் வாங்காத வீடு இருக்கிறதா என்ன? ஒரு தடவை பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டில் செய்து பாருங்கள்.

புளிக்கரைசல் கரைசல்தானே?

சமையலறையில் ஆம், பரிசோதனைக்கூடத்தில் இல்லை. தமிழில் ‘கரை’ என்ற சொல்லுக்குக் கை பெரியது. புளியைக் கரைக்கிறோம், ரவா தோசைக்கு மாவு கரைக்கிறோம், விபூதியைக்கூடக் குழைத்துக் கரைக்கிறோம். இவற்றில் தோசை மாவு சுத்தமான தொங்கல். ஒவ்வொரு தோசைக்கும் அடியிலிருந்து கலக்கி ஊற்றாவிட்டால் முதல் தோசை தண்ணீராகவும் கடைசி தோசை கெட்டியாகவும் வரும். புளித்தண்ணீரில் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம் உண்மையில் கரைந்திருக்கிறது, சக்கைத் துணுக்குகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ரசம் இன்னும் நல்ல உதாரணம். இறக்கி வைத்த ரசத்தில் மேலே தெளிவு, கீழே மண்டி. கலக்காமல் கரண்டியில் தெளிவை மட்டும் எடுத்து ஊற்றுகிறீர்களே, பாடப்புத்தகத்தில் அதற்கு ‘தெளிய வைத்து இறுத்தல்’ என்று பெயர். பாட்டிகள் எல்லாம் பட்டம் இல்லாமலே செய்தது.

சர்க்கரை கரையாமல் அடியில் நின்றால் அது தொங்கலா?

இல்லை. அது தெவிட்டிய கரைசல், அதாவது அந்தச் சூட்டில் அதற்கு மேல் கரைக்க முடியாதது; அடியில் மிச்சத் திடப்பொருள். 25 டிகிரியில் 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் வாங்கும். சர்க்கரையோ 200 கிராமைத் தொடும். சூடாக்கினால் சர்க்கரை இன்னும் நிறையக் கரையும், உப்பில் பெரிய மாற்றம் இருக்காது. அதனால்தான் பாகு காய்ச்சிக் கற்கண்டு எடுக்க முடிகிறது.

டெல்லிக் காற்று எந்த வகைக் கலவை?

சுத்தமான காற்று என்றால் ஒருபடித்தானது: நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, மிச்சத்தில் ஆர்கான்தான் அதிகம். நவம்பர் மாதத்து டெல்லிக் காற்றைக் கேட்கிறீர்கள் என்றால் அது ஏரோசால், வாயுவில் திடமும் திரவமும் சிதறி நிற்கும் கூழ்மம்.

செய்தியில் தினமும் வரும் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள். எடையில் பெரும் பங்கு 0.1-லிருந்து 1 மைக்ரானுக்குள் இருக்கும், சரியாகக் கூழ்மத்தின் எல்லைக்குள். அதனால் வருகிற தொல்லையைப் பாருங்கள். அசையாத காற்றில் 10 மைக்ரான் தூசி மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதே கனமுள்ள பொருளால் ஆன 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஒரு நாள். இன்னும் சிறியது தானாக இறங்குவதை எதிர்பார்க்கவே வேண்டாம். தொங்கல் அடியில் தங்கும், கூழ்மம் தங்காது என்று அட்டவணையில் படிக்கும் அந்த ஒரு வரிதான் தீபாவளிக்குப் பிறகு நம் மூச்சில் ஏறி இறங்குகிறது. மழையோ காற்றோ வந்து அடித்துப் போனால்தான் உண்டு. இந்தியாவில் பி.எம். 2.5-க்கு 24 மணி நேரத்துக்கான வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், அது இங்கே குளிர்காலத்தில் எத்தனை நாள் காப்பாற்றப்படுகிறது என்று இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி மூடுபனியும் கூழ்மம் என்றே புத்தகம் சொல்லும். ஆனால் மூடுபனித் துளிகள் பல மைக்ரான் அளவு இருக்கும், கணக்குப்படி பார்த்தால் எல்லையைத் தாண்டிவிட்டன. போன ஆண்டு ஒரு சிறுமி இதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கோடு மனிதர்கள் போட்டது என்று மேலே சொன்னேனே, அதையேதான் அவளிடமும் சொன்னேன். பரீட்சையில் கூழ்மம் என்றே எழுதினாள், முகம் மட்டும் சமாதானம் ஆகவில்லை.

யமுனையில் மிதக்கும் வெள்ளை நுரை என்ன?

காளிந்தி குஞ்சில், ஓக்லா தடுப்பணைக்குக் கீழே, சட் பூஜை சமயத்தில் தொலைக்காட்சியில் காட்டுவார்களே, அதுவும் கூழ்ம வகைதான்: திரவத்தில் வாயு. சுத்திகரிக்காத சாக்கடையோடு சோப்பும் டிடர்ஜெண்டும் ஆற்றில் சேர்கின்றன. தடுப்பணையிலிருந்து தண்ணீர் விழும்போது காற்று உள்ளே அடிபடுகிறது. சோப்பு மூலக்கூறுகள் குமிழியின் மேல் தோல் மாதிரி படர்ந்து, அதை உடைய விடாமல் காக்கின்றன. பார்க்கப் பனிமலை மாதிரி இருக்கிறது என்று அதில் இறங்கிப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

வடிகட்டினால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தைத் திறந்து காட்டினால் பாடம் முழுக்க வரிசையாக நிற்கும். முதலில் 5 மைக்ரான் வடிகட்டி: மண், துரு போன்ற தொங்கல்கள் அங்கே நின்றுவிடும். யு.எஃப். (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) சவ்வு இருந்தால் அதன் துளை சுமார் 10 நானோமீட்டர்: கூழ்மத் துகள்களும் பாக்டீரியாவும் நிற்கும். கரைந்த உப்புகள் இரண்டையும் தாண்டிப் போய்விடும், அவற்றைத் தடுக்க ஆர்.ஓ. சவ்வுதான் வேண்டும். துணியால் எத்தனை மடிப்பு வடிகட்டினாலும் போர்வெல் தண்ணீரின் உவர்ப்பு போகாது என்பதற்குக் காரணம் இதுதான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த பொருள். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2000 வரை விடலாம்.

ஒரு சின்ன வேடிக்கை. தண்ணீரில் கரைந்த பொருளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரைச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டால் எண் ஏறாது. அது மின்சாரம் கடத்துவதைத்தான் அளக்கிறது, சர்க்கரை அயனியாகப் பிரிவதில்லை.

கலங்கல் தண்ணீரில் படிகாரம் சுற்றுவதும் கூழ்ம வித்தைதான். களிமண் துகள்கள் எதிர்மின் சுமையோடு ஒன்றையொன்று தள்ளி நிற்கும். படிகாரத்தின் அலுமினியம் அந்தச் சுமையைத் தணிக்கும், துகள்கள் கூடித் திரளாகி அடியில் விழும். கூழ்மம் நம் கண் முன்னால் தொங்கலாகி, தொங்கல் வண்டலாகிறது. ஊரில் இதற்குப் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைப்பார்கள். தேற்று என்றாலே தெளிய வை என்றுதானே பொருள்?

தங்க நகை கலவையா, சேர்மமா?

கலவை, அதுவும் ஒருபடித்தானது. திடத்தில் திடம் கரைந்த கரைசல். 22 காரட் என்றால் 24-இல் 22 பங்கு தங்கம், அதுதான் நகையில் பார்க்கும் 916. மீதி செம்பும் வெள்ளியும். 18 காரட், 14 காரட் என்று விருப்பப்படி மாற்ற முடிகிறது என்பதே அது சேர்மம் இல்லை என்பதற்கு அத்தாட்சி.

தங்கத்தை வைத்தே மூன்று வகையையும் காட்டலாம். நகையில் திடக் கரைசல். தங்கத்தூளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் நொடியில் அடியில் விழும் தொங்கல். 1857-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே தங்கத்தை மிக நுண்ணிய துகளாக்கித் தண்ணீரில் நிறுத்தினார், அந்தக் கூழ்மத்தின் நிறம் மாணிக்கச் சிவப்பு! தங்கம் எந்த வகை என்று கேட்டால் பதில் கிடையாது. துகளின் அளவைச் சொல், வகையைச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

குதுப் மினார் வளாகத்து இரும்புத்தூண் வேறு ரகம். ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1600 ஆண்டு வயது. பழைய முறையில் அடித்துச் செய்த இரும்பு என்பதால் உள்ளே கசடுத் துணுக்குகள் சிக்கியிருக்கின்றன, ஆகவே பலபடித்தானது. இன்றைய இரும்பைவிட அதிகமாகவே அதில் பாஸ்பரஸ் இருக்கிறது, மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்க அதுவே முக்கியக் காரணம்.

மருந்து பாட்டிலை ஏன் குலுக்கச் சொல்கிறார்கள்?

குழந்தைகளுக்குத் தரும் பொடி கலந்த சிரப், வயிற்றெரிச்சல் மருந்து இரண்டும் தொங்கல்கள். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் தெளிந்த தண்ணீர் மாதிரி மருந்து குறைவாகவும், கடைசி நாள் அடிவண்டலோடு அதிகமாகவும் போகும். இது மார்க் சமாச்சாரம் இல்லை, தயவுசெய்து குலுக்குங்கள்.

ரத்தம் கூழ்மம் என்று படித்தோம். சரியா?

புத்தகத்துக்குச் சரி. நெருங்கிப் பார்த்தால் பால் மாதிரியே மூன்றும் கலந்தது. உப்பும் குளுக்கோஸும் கரைந்திருக்கின்றன, புரதங்கள் கூழ்மம், 7, 8 மைக்ரான் அளவுள்ள சிவப்பணுக்கள் தொங்கல். ரத்தப் பரிசோதனைத் தாளில் இ.எஸ்.ஆர். என்று ஒரு வரி இருக்கும். நிமிர்த்தி வைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்ற எண் அது. ரசத்தில் மண்டி தங்குவதை அளவுகோல் வைத்து அளக்கிற மாதிரி.

டயாலிசிஸும் இந்தப் பாடம்தான். யூரியா போன்ற சின்ன மூலக்கூறுகள் சவ்வு வழியாக வெளியேறும், புரதமும் அணுக்களும் உள்ளேயே நிற்கும். 1861-இல் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலாளர் ‘கொலாய்டு’, ‘டயாலிசிஸ்’ என்ற இரண்டு பெயர்களையும் வைத்தார். கொலாய்டு என்பது பசை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து.

ஒரே கலவை வகை மாறுமா?

மாறும். டெட்டால் பாட்டிலில் தெளிவாக இருக்கிறது, தண்ணீரில் விட்டதும் பால் மாதிரி வெளுத்து பால்மமாகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஒருபடித்தானது. டாங்கியில் தண்ணீர் அதிகம் புகுந்துவிட்டால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய் அடியில் தனி அடுக்காக நின்றுவிடும். மழைக்காலத்தில் டாங்கி மூடியைச் சரியாக மூடுங்கள்.

இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

இப்படிக் கேட்கும் பிள்ளைக்கு வேதியியலாளர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் கதையைச் சொல்வேன். பால்மங்களை ஆராய்ந்து 1921-இல் லண்டனில் பட்டம் வாங்கியவர். லாகூரில் பேராசிரியராக இருந்தபோது ஒரு எண்ணெய்க் கம்பெனி அவரிடம் வந்தது. துளை போடும்போது ஊற்றும் சேற்றுக்குழம்பு, பூமிக்குள் உப்பைத் தொட்டதும் இறுகித் துளைப்பானைப் பிடித்துக்கொள்கிறது என்று. அந்தச் சேறு கூழ்மம், உப்பு அதைத் திரள வைக்கிறது என்று பட்நாகர் பிடித்துவிட்டார். ஒரு கோந்தைச் சேர்க்கச் சொன்னார், சேறு இறுகுவது நின்றது. அந்த வெள்ளைக்காரக் கம்பெனி ஆராய்ச்சிக்காக ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தது. 1930-களின் ஒன்றரை லட்சம்! நாட்டின் அறிவியல் ஆய்வகங்கள் பலவற்றை நடத்தும், 1942-இல் தொடங்கிய சி.எஸ்.ஐ.ஆர்.-இன் தலைமைப் பொறுப்பு பின்னால் அவரிடம்தான் வந்தது. ரஃபி மார்க்கில் அதன் தலைமையகத்தைக் கடந்துதான் பலரும் தினமும் ஆபீஸ் போகிறோம்.

கடைசியாக, ஃபில்டர் காபி எந்த வகை?

இதைப் பிள்ளைகள் கேட்பதில்லை, அப்பாக்கள்தான் கேட்கிறார்கள். டிகாக்ஷனில் காபியின் புளிப்பும் கசப்பும் தரும் பொருள்கள் கரைந்திருக்கின்றன, எண்ணெய்த் துளிகளும் பெரிய மூலக்கூறுகளும் கூழ்மமாக நிற்கின்றன, ஃபில்டரின் ஓட்டை வழியாக நழுவிய நுண்தூள் தொங்கல். அதில் பால் சேர்ந்தால் மேலே சொன்ன பாலின் கதை முழுக்க உள்ளே வருகிறது. ஆற்றினால் நுரை. ஆக மூன்று வகையும், கூடவே நுரையும் ஒரே டம்ளரில். குடித்து முடித்ததும் அடியில் ஒரு மெல்லிய கறுப்பு வண்டல் வட்டமாக நிற்கும். எங்கள் வீட்டில் அதைத் தண்ணீர் விட்டு அலசிப் பால்கனித் துளசிக்கு ஊற்றிவிடுவோம்.